ஒரே நேரத்தில் கிளம்பிய பதினெட்டு மோட்டார்

தொழிற்பேட்டைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை கேட்கிறார்கள். "உங்க சாதனைகளை எழுதுங்க சார்" என்று அந்தத் தம்பி போனில் சொன்னார். "சாதனை எதுவும் இல்லாதவங்க என்னப்பா எழுதுறது?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கம் போதும் சார்" என்றார். நான் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கிறேன். சாதனை இல்லாவிட்டால் இடம் கொஞ்சம் அதிகம் தேவைப்படுகிறது.

கப்பலூரில் ஒரே கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஸ்டூல் மூன்று முறை மாறியது, ஆள் மாறவில்லை. நாங்கள் செய்தது விவசாயிகளின் பம்புசெட் மோட்டாரைக் காப்பாற்றும் பேனல். லைனில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும். வோல்டேஜ் சரியானால் தானே ஓட்டிவிடும். குறைந்த வோல்டேஜில் மோட்டார் ஓடினால் காயில் சூடாகிக் கருகிப் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. இதைக் கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் விளக்கினேன். "இதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு டிபன் பாக்ஸா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். பேனலுக்குள் இருப்பது ஒரே ஒரு கேள்வி: இது பெரிசா, அது பெரிசா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஆப் ஆம்ப் என்கிற ஐசி. எட்டுக் கால் வைத்த கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும். ஒரு காலில் அசையாத ஒரு வோல்டேஜைக் கொடுத்து வைப்போம். அது அளவுகோல். பிளஸ் என்கிற இன்னொரு காலில் லைன் வோல்டேஜின் சின்னப் பங்கு ஒன்றை இறக்கிக் கொடுப்போம். லைனின் பங்கு அளவுகோலைவிட மயிரிழை கூடினாலும் ஐசி பதில் சொல்கிற வெளிக்காலின் வோல்டேஜ் முழுக்க மேலே போய்விடும், ரிலே என்கிற சுவிட்ச் ஒட்டும், மோட்டார் ஓடும். மயிரிழை குறைந்தால் முழுக்கக் கீழே இறங்கிவிடும். நடுவில் நிற்க அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சாம்பார் பற்றி நான் கருத்துச் சொல்வதும் இப்படித்தான். ஒன்று பிரமாதம் என்பேன், இல்லாவிட்டால் வாயே திறக்க மாட்டேன். இந்த அமைப்புக்குப் பெயர் வோல்டேஜ் கம்பேரேட்டர். டிப்ளமோவில் இதை வரைந்து பத்துக்கு எட்டு மார்க் வாங்கியிருந்தேன். மீதி இரண்டு மார்க் எங்கே போனது என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்தது.

முதல் இரண்டு வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐசியைத் திருப்பி மாட்டினேன். பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றிக் கொடுத்தேன். ஒரு நாள் இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிடும் என்ற என் நம்பிக்கை அன்றோடு புகையாகப் போனது.

என்னைப் பழக்கியவர் கல்யாணசுந்தரம் சார். டிசைன் பிரிவுக்குத் தலைவர். பிரிவில் இருந்ததே அவரும் நானும்தான் என்பதால், அவர் தலைவர், நான் பிரிவு. ஒல்லியான ஆள், முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், கழுத்தில் நூல் கட்டிய லென்ஸ், வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் வைப்பார்களே அது. அவர் பேசினால் பக்கத்து டிரில்லிங் மெஷினை நிறுத்தினால்தான் கேட்கும். அவர் யாரையும் திட்டியதில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்பார்.

"பத்து கே ரெசிஸ்டர் போட்டிருக்கேன் சார்."

"ஏன்?"

"போன தடவையும் பத்து கேதான் சார் போட்டோம்."

"போன தடவை ஏன் போட்டோம்?"

இப்படியே போய் முடிவில், நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்ற இடத்தில் நிற்கும். திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

நான் தனியாக வரைந்த முதல் கம்பேரேட்டரை மேஜையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். வோல்டேஜை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். அளவுகோலுக்குப் பக்கத்தில் வந்ததும் ரிலே 'கிர்ர்ர்' என்று கத்த ஆரம்பித்தது. லைன் வோல்டேஜ் எந்த நேரமும் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அது ஆட ஆட ஐசியும் ஓட்டு, நிறுத்து, ஓட்டு, நிறுத்து என்று மாற்றி மாற்றிச் சொல்லியது. ரிலேயிலிருந்து பொறி வந்தது. சார் என் பேப்பரை இழுத்து, வெளிக்காலிலிருந்து பிளஸ் காலுக்குத் திரும்பி வருகிற மாதிரி ஒரே ஒரு ரெசிஸ்டரைப் பென்சிலில் வரைந்தார்.

"முடிவு எடுத்தவன் கொஞ்ச நேரம் அந்த முடிவுல நிக்கணும் முத்து."

அந்த ரெசிஸ்டர் வந்ததும் நிறுத்துகிற புள்ளியும் மறுபடி ஓட்டுகிற புள்ளியும் பிரிந்துவிட்டன. முந்நூற்றைம்பது வோல்ட்டில் நிறுத்தினால் முந்நூற்று எழுபதுக்கு மேல் ஏறினால்தான் ஓட்டும். நடுவில் எவ்வளவு ஆடினாலும் ஐசி அசையாது. என்னுடைய இரண்டு மார்க் அந்த ரெசிஸ்டர்தான்.

சாருக்கு ஒரு வெறி உண்டு. ஒரு பேனல் மாதிரியே இன்னொரு பேனல் இருக்க வேண்டும். லைன் சரியானதும் மோட்டார் உடனே கிளம்பக் கூடாது என்பதற்காகப் பேனலில் இரண்டு நிமிஷம் காத்திருக்கும் வசதி வைத்திருந்தோம். அதுவும் ஒரு கம்பேரேட்டர்தான். கெப்பாசிட்டர் என்கிற மின்சாரத் தொட்டி ஒன்று மெதுவாக நிரம்பும். நிரம்பி அளவுகோலைத் தாண்டியதும் ரிலே ஒட்டும். சந்தையில் கிடைக்கும் கெப்பாசிட்டர்கள் மேலே எழுதியிருக்கும் அளவில் இருப்பதே இல்லை. ஒன்று கூடும், ஒன்று குறையும், காத்திருக்கும் நேரமும் அதோடு மாறும். எல்லாக் கம்பெனியிலும் அப்படியே போட்டுவிடுவார்கள். சார் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து அளப்பார். ஒத்த அளவு உள்ளவை ஒரு தட்டில். ஒத்துவராதவை ஒரு பழைய பிஸ்கட் டின்னில். பிறகு மூடிய பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டு, சித்திரை வெயிலில் மோட்டார் ரூம் எப்படிக் கொதிக்குமோ அப்படிக் கொதிக்கவைத்து மறுபடி அளப்பார். கடைசியில் ஸ்டாப் வாட்ச். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு செகண்டு முன்னேயோ பின்னேயோ போனால் அந்த போர்டு என் மேஜைக்குத் திரும்பி வரும். வந்த போர்டின் மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் 'ஏன்?' என்று எழுதியிருக்கும்.

இப்போது பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதைக்கு வருகிறேன்.

சமயநல்லூர் பக்கம் சோலைமலை என்று ஒரு விவசாயி. குறைந்த வோல்டேஜில் இரண்டு முறை மோட்டார் கருகி, காயில் கட்டிக் கட்டி நொந்துபோயிருந்தவர். எங்கள் பேனலை வாங்கி மாட்டினார். ஒரு போகம் முழுக்க மோட்டார் சூடுகூட ஆகவில்லை. அவர் சும்மா இருந்திருக்கலாம். போவோர் வருவோரையெல்லாம் மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பேனலின் பச்சை விளக்கைக் காட்டினார். ஒரே டிரான்ஸ்பார்மரில் அவரோடு சேர்த்துப் பதினெட்டு மோட்டார். எல்லாம் பங்காளிகளும் மாமன் மச்சான்களும்தான். ஒருவர் வாங்கியதும் அடுத்தவர் வாங்கினார். ஒருவர் வீட்டில் இருப்பது இன்னொருவர் வீட்டில் இல்லாமல் இருப்பது அந்தப் பக்கத்து வழக்கம் இல்லை. கடைசியாக வாங்கியவர் ஒச்சப்பன், சோலைமலையின் சம்சாரத்துக்கு அண்ணன். "மாப்ள மோட்டார்ல பச்ச லைட்டு எரியுது, நம்ம மோட்டார் இருட்டுல கெடக்கு. நல்லாவா இருக்கு?" என்று சொல்லித்தான் வாங்கினார்.

முதலாளி எங்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். சார் லட்டைத் தொடாமல் கடைசி போர்டை ஸ்டாப் வாட்ச்சில் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினெட்டும் ஒண்ணுபோல இருக்கு" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து சோலைமலை போன் பண்ணினார்.

"அண்ணே, மோட்டார் ஓடுதுண்ணே."

"நல்லதுங்க."

"ஓடிட்டு நின்னுருதுண்ணே."

"எவ்வளவு நேரம் ஓடுது?"

"வாயக் கொப்பளிக்கிற அளவுக்குத் தண்ணி வருது. அம்புட்டுத்தான். ரெண்டு நிமிசம் கழிச்சு மறுக்கா ஓடுது. மறுக்கா நின்னுருது."

போனேன். நான் போன நேரத்தில் மும்முனை மின்சாரம் இல்லை. அது வந்தால்தான் மோட்டார் ஓடும். அதை முறைவைத்துத்தான் விடுவார்கள். எனவே பேனலைக் கழற்றிக் கப்பலூருக்குக் கொண்டுவந்தேன். மேஜையில் வைத்து ஓட்டினால் தங்கமாக ஓடியது. மறுநாள் கொண்டுபோய் மாட்டினேன். மின்சாரம் வந்தது. இரண்டு நிமிஷம் ஆனதும் மோட்டார் கிளம்பியது, குழாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தது, நின்றது. நிபுணன் தோரணையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்க லைன்ல கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். லைன்மேன் வந்து ஒரு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். நன்றாக ஓடியிருக்கிறது. "லைன் நல்லாத்தான் இருக்கு, அந்த நிபுணரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த போனில் சோலைமலையின் குரல் மாறியிருந்தது.

"அண்ணே, கதிரு பால் பிடிக்கிற நேரம். இப்பத் தண்ணி இல்லைன்னா பூராம் பதராப் போகும். வெள்ளையன்னு ஒருத்தரு பேனலக் கழட்டிட்டு நேரா ஓட்டுனாரு, வோல்டேஜ் பத்தாம மோட்டார் புகைஞ்சு, காயில் கட்டி மறுக்கா பேனலோட மாட்டியிருக்காரு. இப்பக் கழட்டவும் பயப்படுறாங்க, வச்சிருக்கவும் பயப்படுறாங்க. எனக்குப் போனாக்கூடச் சரி. நான் சொல்லித்தானே வாங்குனாங்க அம்புட்டுப் பேரும்."

நான் சாரிடம் சொன்னேன். அவர் ஸ்டாப் வாட்ச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வண்டியை எடு" என்றார். சார் கம்பெனியை விட்டு வெளியே வந்து வேலை பார்த்ததே கிடையாது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து, ரிங் ரோடு நெடுக, வேகத்தடை வரும்போதெல்லாம் மீட்டரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்றால் அவர் மீட்டரைத்தான் பிடிப்பார்.

வயலுக்கு வந்ததும் நான் வழக்கம்போல மோட்டார் ரூமுக்குள் நுழைந்தேன். சார் நுழையவில்லை. ஷூவோடு வரப்பில் நடந்து, வயல்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். சோலைமலையும் ஒச்சப்பனும் இன்னும் நாலைந்து பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"இவரு யாரு, வெதர் ரிப்போர்ட்டா?" என்றார் ஒச்சப்பன்.

மின்சாரம் வந்தது. சார் ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினார். இரண்டு நிமிஷம் ஆனது. வயல்வெளி முழுக்க, நாலு பக்கமும், எல்லா மோட்டார் ரூமிலும் ஒரே நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பதினெட்டு ஸ்டார்ட்டரும் சேர்ந்து ஒட்டிய சத்தம். பதினெட்டு மோட்டாரும் சேர்ந்து முனகின. நான் பார்த்துக்கொண்டிருந்த மீட்டரில் வோல்டேஜ் கிணற்றில் கல் போட்ட மாதிரி இறங்கியது. உடனே இன்னொரு 'டக்'. எல்லாம் நின்றன. வோல்டேஜ் ஏறிப் பழைய இடத்துக்கு வந்து, ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது.

நான் வரப்புக்கு ஓடினேன். சாரின் முகத்தில் முதலில் வந்தது பெருமை. அதை நான் பார்த்தேன். "ஒரு செகண்டு வித்தியாசம் இல்ல முத்து, பதினெட்டுலயும்" என்றார். சொல்லி முடிக்கும்போதே முகம் இறங்கிவிட்டது.

மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு அதிகமாக மின்சாரம் இழுக்கும். பதினெட்டும் ஒன்றாகக் கிளம்பினால் எந்த டிரான்ஸ்பார்மரும் மூச்சு வாங்கும். வோல்டேஜ் இறங்கியதும் பதினெட்டு பேனலும் ஒன்றாக நிறுத்தின. நிறுத்தியதும் வோல்டேஜ் ஏறியது. பதினெட்டும் ஒன்றாக இரண்டு நிமிஷம் காத்திருந்து, ஒன்றாகக் கிளம்பின. எங்கள் மேஜையில் எப்போதும் ஒரு பேனல்தான் ஓடியது. எதை அளக்கிறோமோ அதையே எங்கள் பேனல் தள்ளிவிடும் என்பது மேஜையில் தெரிய வழியில்லை.

சார் இதை அவர்களிடம் மெதுவாக விளக்கினார். கேட்பதற்காக எல்லோரும் குனிந்து நின்றார்கள்.

"முன்னால எல்லாம் நீங்களேதான வந்து சுவிட்சப் போட்டீங்க? ஒருத்தர் டீ குடிச்சிட்டு வருவீங்க, ஒருத்தர் பேசிட்டு வருவீங்க. அதனால மோட்டார் ஒண்ணு ஒண்ணாக் கிளம்புச்சு. பிரச்சனை இல்ல. இப்ப எல்லாம் ஒரே நேரத்துக்குக் கிளம்புது."

"அப்ப நாங்க லேட்டா வந்ததுதான் சரிங்கிறீங்க?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"ஆமாங்க."

"இத எங்க வீட்டுல வந்து ஒருக்காச் சொல்லணும் நீங்க."

தீர்வு எனக்கே தெரிந்துவிட்டது. அதனால் முந்திக்கொண்டு பேசினேன். ஒவ்வொரு பேனலுக்கும் காத்திருக்கும் நேரத்தை மாற்றிவிடலாம், முதல் ஆளுக்கு இரண்டு நிமிஷம், அடுத்தவருக்குப் பத்து செகண்டு கூட, இப்படியே பதினெட்டு வரைக்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அமைதியாக ஒரு குரல் கேட்டது.

"முத ஆளு யாரு?"

வாழ்க்கையில் சில கேள்விகளுக்கு முன்னால் பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்க வேண்டும். ஒருவர் தன் கிணறுதான் முதலில் வெட்டியது என்றார். ஒருவர் தன் அப்பாதான் மூத்தவர் என்றார். மோட்டார் புகைந்துபோன வெள்ளையன் தன் நஷ்டத்துக்கு இதாவது வேண்டும் என்றார். சீட்டுப் போடலாம் என்றேன். "ஒரு நாளைக்குன்னாச் சீட்டுப் போடலாம். நீங்க பேனல்லயே வச்சுப் பூட்டிட்டுப் போயிருவீங்க. எம் மகன் காலத்துலயும் நான் பதினேழாவது ஆளா?" என்று கேட்டார் ஒருவர்.

சார் குறுக்கே வந்தார். "முதல்ல கிளம்புறது அம்புட்டு நல்லதில்லைங்க" என்றார். மதுரையில் இத்தனை வருடம் இருந்து அவர் 'அம்புட்டு' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். "முதல்ல கிளம்புறவருக்கு நல்ல வோல்டேஜ் கிடைக்கும். ஆனா பின்னால பதினேழு மோட்டார் கிளம்புறப்பவும் அவரு மோட்டார் குலுங்கும். கடைசியாக் கிளம்புறவருக்கு அந்தத் தொல்லை இல்ல."

ஒவ்வொருவரும் தங்கள் மோட்டார் ரூம் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப எனக்குக் கடைசி" என்றார் ஒச்சப்பன்.

"மச்சான், நீங்க இப்பத்தான் முதல்ல வேணும்னீங்க" என்றார் சோலைமலை.

"அது அப்ப."

அதன் பிறகு பதினெட்டுப் பேரும் கடைசி இடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

கப்பலூருக்குத் திரும்பினோம். சார் உள்ளே வந்ததும் நேராகப் போய் அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒத்துவராதவை என்று வருடக்கணக்கில் ஒதுக்கிய கெப்பாசிட்டர்கள். நான் மனதில் நினைத்ததை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொல்வதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

"இதுல ஒண்ணுபோல ரெண்டு கிடையாது முத்து."

"ஆமா சார்."

"யாரு எதை எடுக்கிறாங்களோ எடுக்கட்டும். நம்ம வரிசை வைக்க வேண்டாம்."

அன்று மாலை உட்கார்ந்து இன்னொன்றையும் சரிசெய்தார். வெளிக்காலிலிருந்து பிளஸ் காலுக்கு வரும் அந்த ரெசிஸ்டரின் அளவை மாற்றி, நிறுத்தும் புள்ளியை இன்னும் கீழே இறக்கினார். அடுத்தவர் மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சற்று இறங்கினாலும் ஓடுகிற மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காயில் சூடாகும் அளவுக்கும் இறங்கிவிடக் கூடாது. மூன்று முறை கணக்குப் போட்டு, மூன்று முறையும் என்னையே "ஏன்?" என்று கேட்கச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் அவரைக் கேட்ட மூன்று 'ஏன்' அவைதான்.

மறுநாள் காலை சோலைமலையின் மோட்டார் ரூமில் பட்டறை போட்டோம். விளக்குக்கு வரும் மின்சாரத்தில் சால்ட்ரிங் அயனைச் சூடாக்கினேன். ஒவ்வொருவரும் தங்கள் பேனல் போர்டைக் கழற்றித் துண்டில் மூடிக் கொண்டுவந்தார்கள். சார் டின்னை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, மேலே தன் கைக்குட்டையைப் போர்த்தினார். வருகிறவர் கைக்குட்டைக்கு அடியில் கையை விட்டு ஒரு கெப்பாசிட்டரை எடுத்து என்னிடம் கொடுக்க வேண்டும். நான் பழையதை உருவிவிட்டு அதை வைத்துப் பற்றவைப்பேன், கூடவே ரெசிஸ்டரையும் மாற்றுவேன். சார் லென்ஸில் பார்ப்பார். ஒரு போர்டில் கெப்பாசிட்டரைத் தலைகீழாக வைத்துவிட்டேன். சார் அதைத் திருப்பி என் முன்னால் வைத்தார். சீட்டு இல்லாததுதான் குறை.

ஒச்சப்பன் கையை விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"மச்சான், அது பந்திச் சோறு இல்ல, சீக்கிரம் எடுங்க."

"பொறு மாப்ள, கனமானதாப் பாக்குறேன்."

சோலைமலை கடைசியாக எடுத்தார். எல்லோருக்கும் போகட்டும் என்று நின்றிருந்தார்.

மின்சாரம் வந்தபோது யாரும் தங்கள் மோட்டார் ரூமுக்குப் போகவில்லை. எல்லோரும் வரப்பில் நின்றோம். ஒன்றரை நிமிஷம் ஆனதும் வடக்கே ஒரு 'டக்' கேட்டது. தண்ணீர் விழும் சத்தம். நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெற்கே ஒன்று. அடுத்து இரண்டு, முன்னும் பின்னுமாக. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருவர் "என்னது, என்னது" என்று தன் வாய்க்காலைப் பார்த்து ஓடினார். மீட்டரில் வோல்டேஜ் ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து நிமிர்ந்தது. ஒரு மோட்டாரும் நிற்கவில்லை. ஒச்சப்பனின் மோட்டார் ஏழாவதோ எட்டாவதோ கிளம்பியது. அவர் எதிர்பார்த்த இடம் அதுவா என்று அவருக்கே தெரியவில்லை.

நாலு நிமிஷம் போனது. பதினேழு மோட்டார் ஓடின. சோலைமலையின் மோட்டார் மட்டும் பேசாமல் நின்றது.

ஐந்து நிமிஷம். ஆறு நிமிஷம். பக்கத்து வயல்களில் தண்ணீர் மடை திரும்பிப் பாய்ந்துகொண்டிருந்தது. நடுவில் அவருடைய நெல் மட்டும் காய்ந்து நின்றது. சோலைமலை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒனக்கு நாளைக்கு வரும்போல" என்றார் ஒச்சப்பன். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சார் உள்ளே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பேனலைத் திறந்து கெப்பாசிட்டரின் காலில் மீட்டரை வைத்தார். வோல்டேஜ் ஏறி, ஏறி, அளவுகோலுக்கு மயிரிழை கீழே வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. மயிரிழை குறைந்தாலும் கம்பேரேட்டருக்கு இல்லை என்றால் இல்லைதான். எங்கள் ஐசி சொன்ன சொல்லில் நின்றது.

"ஒழுகுது" என்றார் சார். கெப்பாசிட்டரில் ஒரு பக்கம் நிரம்ப நிரம்ப மறுபக்கம் கசிந்துகொண்டிருந்தது. வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நான் இதுகளோட அளவை மட்டும்தான் பார்த்தேன். ஒழுக்கு பார்க்கல. மீதி இருக்கிறதை இப்பப் பார்த்துடுறேன்." டின்னில் மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, கசிபவற்றைத் தூர எறிந்தார். தேறியவற்றை மறுபடி கைக்குட்டைக்கு அடியில் வைத்தார்.

சோலைமலை கையை நீட்டினார்.

"அது செல்லாது" என்றார் வெள்ளையன். "எல்லாருக்கும் ஒரு தடவதான். இப்ப எடுத்தா, எங்களுக்குக் கிடைச்சது புடிக்கலைன்னு நாங்களும் மறுக்கா எடுப்போம்."

அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. அதனால்தான் சிக்கல். நான் டின்னைப் பார்த்தேன், சார் என்னைப் பார்த்தார், சோலைமலை வயலைப் பார்த்தார்.

"தள்ளுங்கப்பா" என்று ஒச்சப்பன் முன்னால் வந்தார். "மாப்ள எடுத்தாத்தான செல்லாது. நான் எடுக்கிறேன்." இந்த முறை கிண்டவில்லை. கையை விட்டார், எடுத்தார், என்னிடம் கொடுத்தார். வெள்ளையன் தலையாட்டினார்.

இந்த முறை கெப்பாசிட்டரைச் சரியாகத்தான் வைத்தேன், இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த 'டக்' வந்தது. மோட்டார் முனகியது, வேகம் எடுத்தது, குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வந்தது. சோலைமலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போனார்.

இப்போது வருகிற பேனல்களில் சின்னச் சிப் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பேனலும் தன் போக்குக்கு ஒரு நேரம் காத்திருக்கட்டும் என்று அதில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. கைக்குட்டையும் டின்னும் வேண்டியதில்லை.

அந்தப் போகம் அறுவடை முடிந்ததும் சோலைமலை போன் பண்ணினார். நெல் பழுதில்லை, எல்லோருக்கும் வந்துவிட்டது என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"ஆனா ஒண்ணுண்ணே" என்றார். "அந்தக் கப்பாசிட்டர மட்டும் எப்படியாவது மாத்திக் குடுத்துருங்க."

"ஏங்க, மறுபடி நிக்குதா?"

"நல்லாத்தான் ஓடுது. எங்க மச்சான்தான் தண்ணி பாயுறப்பல்லாம் வரப்புல வந்து நின்னுக்கிறாரு. 'எம் மோட்டார் எப்படி ஓடுது மாப்ள'ன்னு கேக்குறாரு. பொண்டாட்டியும் அண்ணன் பக்கம் சேந்துக்கிறா. வீட்டுல சோறு போடுறப்பவே 'எங்கண்ணன் எடுத்துக் குடுத்த தண்ணியில வெளஞ்சது'ங்கிறா."

சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சார் முழுவதையும் கேட்டார். கண்ணில் இருந்த லென்ஸை எடுக்காமலே, "ஏன் மாத்தணும்?" என்றார்.

சோலைமலைக்கு அந்தப் பதிலை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓய்வு பெற்றுவிட்டேன்.